பச்சையம்மாவின் மூன்றாவது ஸ்கேன்

பச்சையம்மாவிடம் எதைக் கேட்டாலும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் வரும். அதுவும் உள்ளது உள்ளபடி வரும். ஆடு வாங்க ஒடுகத்தூரிலிருந்து மலையேறி வந்த வியாபாரி, "ஆடு நல்லா மேயுதா?" என்று சும்மா பேச்சுக்குக் கேட்பான். "நேத்துலேர்ந்து கழிச்சல்" என்பாள் இவள். அவள் வீட்டுக்காரன் பூபாலன் அந்தப் பக்கம் திரும்பி பீடி பற்றவைப்பான். இவளைத் திருத்த முடியாது என்பது அவனுக்கு என்றைக்கோ தெரிந்துபோயிற்று. ஊரில் இதற்காக அவளை மெச்சியவர்கள் யாரும் கிடையாது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்றுதான் பெயர்.

ஜமுனாமரத்தூரிலிருந்து உள்ளே போகிற பஸ் ஓர் இடத்தில் நின்று திரும்பிக்கொள்ளும். அங்கிருந்து சரிவில் நடந்து ஏறினால் அவர்கள் ஊர். சாமை விதைப்பார்கள். மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். விளைவது எல்லாம் சரிவில் விளைகிறது, வண்டி நிற்பதோ கீழே ரோட்டில். நடுவில் இருப்பது பெண்களின் தலை. சும்மாடு வைத்து மூட்டையை ஏற்றிக்கொண்டு இறங்குகிறவளுக்குத்தான் அறுவடை நாளில் பேச உரிமை. தூக்க முடியாதவளுக்கு நிழலில் உட்கார்ந்து கொட்டை எடுக்கிற வேலை கிடைக்கும். அதைக் கேவலம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எதற்கும் அவளை ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள்.

இதற்கு எடுத்துக்காட்டு தேடி பச்சையம்மா வெளியே போக வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே அவளுடைய அக்கா ஈஸ்வரி இருந்தாள். ஈஸ்வரியின் ஆள் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனவன், போன இடத்திலேயே தங்கிவிட்டான். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். சில வருடங்களுக்கு முன்னால் ஈஸ்வரிக்கு உதிரப்போக்கு நிற்காமல் போய், அடிவாரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாளைக்கு பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. தையல் பிரிந்து மறுபடி தைத்து, காய்ச்சல் வந்து, இடுப்பு விட்டுப்போயிற்று. ஒரு குடம் தண்ணீருக்குமேல் அவளால் முடியாது. தங்கை வீட்டில் இருந்துகொண்டு புளிக்குக் கொட்டை எடுக்கிறாள்.

அதனால், நாற்பதை நெருங்கும்போது பச்சையம்மாவுக்கும் அதே உதிரப்போக்கு தொடங்கியதும், அவளுக்கு வந்த பயம் சாவைப் பற்றியதல்ல. பையை எடுத்துவிடுவார்கள், அப்புறம் நானும் நிழலில் உட்கார வேண்டியதுதான் என்பதுதான் அந்தப் பயம். இரண்டு பேர் உட்கார்ந்தால் அந்த வீடு தாங்காது. பூபாலனுக்கு மரம் ஏறத் தெரியும், சுமை தூக்கத் தெரியாது. அந்த ஊர் ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான், அதில் அவர்களுக்கு வெட்கமும் கிடையாது.

இங்கே அவர்கள் கல்யாணத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லா வம்பும் அதிலிருந்துதான் வந்தது. அந்த ஊரில் சில குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு வீட்டாரும் பேசி வெற்றிலை மாற்றிக்கொண்டால் பெண் அவன் வீட்டுக்குப் போய்விடலாம். பொழைப்பு ஆரம்பித்துவிடும். தாலி கட்டி ஊரைக் கூட்டிச் சோறு போடுவதுதான் கல்யாணம். அது வசதிப்பட்டபோது நடக்கும். ஈஸ்வரிக்கு அது நடக்கவே இல்லை. பூபாலன் வீட்டிலும் அந்த வசதி வரவில்லை. ஒரு வருடம் மழை பொய்த்தது. அடுத்த வருடம் அவன் அப்பா போய்ச் சேர்ந்தார். அப்புறம் சுவேதா பிறந்தாள், அவளுக்குப் பின்னால் ஒரு பையன், அதற்குள் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. சுவேதா இப்போது பத்தாம் வகுப்பு. "உனுக்கும் உம் பொண்ணுக்கும் ஒரே பந்தல்ல வச்சிடலாம்" என்று அக்கம்பக்கத்தில் கேலி செய்வார்கள். "வச்சிக்கலாம். சோறாக்குறது ஒரு தடவையோட போவும்" என்பாள் பச்சையம்மா. இதில் யாருக்கும் யார்மேலும் குறை இல்லை. கல்யாணம் பண்ண வேண்டியிருக்கிறது, பண்ணவில்லை, அவ்வளவுதான்.

மலைக்குக் கீழே கதை வேறு. "கல்யாணம் ஆச்சா?" என்று ஒரு ஸ்கேன் சென்டரில் கேட்டால், அவர்களுக்கு உங்கள் பந்தலைப் பற்றி அக்கறை இல்லை. அந்தரங்கமான ஒன்றைக் கேட்க வேண்டும். அதை நேராகக் கேட்க வாய் கூசுகிறது. அதனால் கல்யாணத்தைக் கேட்கிறார்கள். ஆச்சு என்றால் உள்ளே கருவி வைத்தும் பார்க்கலாம். ஆகவில்லை என்றால் வயிற்றின் மேலே தேய்த்து மட்டும் பார்ப்பார்கள். சமவெளியில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் இது சொல்லாமலே விளங்கும். பச்சையம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் ஸ்கேன் செங்கத்தில். சீட்டு எழுதுகிற பெண் கேட்டாள், "கல்யாணம் ஆச்சா?" பச்சையம்மா, "இன்னும் ஆவல" என்றாள். அந்தப் பெண் ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்வி கேட்காமல், "தண்ணி குடிச்சிட்டு ஒக்காருங்க. ஒண்ணுக்கு முட்டுனாதான் ஸ்கேன்" என்றாள்.

இதில் இன்னொரு சிக்கல். கீழே இறங்குகிற அன்று மலைப் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே நிறுத்திவிடுவார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரும் என்பது ஒரு காரணம், வழியில் ஒதுங்க இடம் இல்லை என்பது பெரிய காரணம். காய்ந்துபோய் வந்து சேர்ந்தவள் பாட்டில் பாட்டிலாகக் குடித்தாள். குடித்தது எல்லாம் எங்கே போயிற்றோ, முட்டவில்லை. மலைக்குப் போகிற கடைசி பஸ்ஸை விட்டால் அங்கேயே படுக்க வேண்டும். பாதி நிரம்பியது போதும் என்று மேலாகத் தேய்த்துப் பார்த்தார்கள். கர்ப்பப்பை சற்றுப் பெரிதாக இருக்கிறது, உள்சவ்வு தெளிவாகத் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை இருக்கிற வரை நின்றது, தீர்ந்ததும் பழையபடி போயிற்று. இரண்டாவது ஸ்கேனும் அதே மாதிரி. அதே கேள்வி, அதே பதில், அதே பாட்டில் தண்ணீர், மறுபடி தெளிவாகத் தெரியவில்லை. பச்சையம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று. சரிவில் ஏறும்போது நடுவில் இரண்டு தடவை உட்கார ஆரம்பித்தாள். அந்த வருடம் சாமைக் கதிரைப் பாதிதான் அவள் இறக்கினாள். மீதியைக் கூலிக்கு ஆள் வைத்து இறக்கினார்கள்.

வைத்தியம் பார்த்த டாக்டர் கெட்டவர் இல்லை. வாசலில் கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. சீட்டைப் பார்த்தார். இரண்டு ஸ்கேனையும் பார்த்தார். பச்சையம்மாவை அவ்வளவாகப் பார்க்கவில்லை.

"ரத்தம் ரொம்பக் கம்மியா இருக்கும்மா. மாத்திரையில நிக்கல. இந்த வயசுக்கு மேல கல்யாணம் பண்ணிக்கிட்டுக் கொழந்த பெத்துக்கப் போறதில்ல. எடுத்துடலாம்" என்றார்.

"எடுத்தா பாரம் தூக்கலாமா?" என்று பச்சையம்மா கேட்டாள்.

"அதெல்லாம் போகப் போகத் தூக்கலாம்."

பச்சையம்மா பக்கத்தில் நின்ற ஈஸ்வரியைப் பார்த்தாள். ஈஸ்வரி தரையைப் பார்த்தாள். அறுவைக்கு முன்னால் புதிதாக ஒரு ஸ்கேன் வேண்டும், போளூரில் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். எடுத்தால் எடுக்கட்டும் என்று பூபாலன் சொன்னான். உயிரோடு இருந்தால் போதும் என்றான். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அன்று ராத்திரி பச்சையம்மா சாப்பிடவில்லை.

போளூர் சென்டரில் ஸ்கேன் பார்க்கிறவர் ஃபரீதா என்று ஒரு டாக்டர். வாணியம்பாடிக்காரர், வாரத்தில் சில நாட்கள் வந்துபோகிறவர். அதிகம் பேசாதவர், முகத்தில் சிரிப்பும் கிடையாது. முந்தின இரண்டு தடவை பட்ட பாட்டில் பச்சையம்மா இந்தத் தடவை வைராக்கியமாகத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். பாதி மலை இறங்குவதற்குள் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. டயர் மாற்ற பஸ் நின்ற இடத்தில், ஈஸ்வரி சேலையை விரித்து மறைத்துக்கொள்ள, புதர் ஓரத்தில் ஒதுங்கிவிட்டு வந்தாள். ஆக, போளூர் வந்து சேர்ந்தபோது பழையபடி காலி.

வாசலில் உதவியாளர் பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். வழக்கமான பதில் வந்தது. ஈஸ்வரியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு பச்சையம்மாவை உள்ளே படுக்க வைத்தார்கள். ஃபரீதா அடிவயிற்றில் பசையைத் தடவிக் கருவியை வைத்து அழுத்தினார். திரையைப் பார்த்தார். இன்னும் அழுத்தினார்.

"தண்ணி குடிக்கலையாம்மா?"

"குடிச்சேன். வழியில போய்ட்டு வந்தேன்."

ஃபரீதா கருவியைச் சற்று நகர்த்தினார். தொப்புளுக்குக் கீழே ஒரு சின்னத் தழும்பு கையில் தட்டுப்பட்டது. விளக்கைத் திருப்பிப் பார்த்தார். அந்தத் தழும்பு இதற்கு முன் ஸ்கேன் எடுத்தவர்கள் கண்ணிலும் பட்டிருக்கத்தான் வேண்டும். கல்யாணம் ஆகாதவள் என்று பதில் கிடைத்துவிட்ட பிறகு அவர்கள் வேறெதையும் பார்க்கவில்லை. படித்தவர்களுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம்.

"இது என்ன தழும்புங்க?"

"ஆப்ரேசன் பண்ணது."

"என்ன ஆப்ரேஷன்?"

"கொழந்த போதும்னு பண்ணுவாங்களே, அது."

ஃபரீதாவின் கை நின்றது. "கொழந்த இருக்கா உங்களுக்கு?"

"ரெண்டு. பெரியவ பத்தாவது படிக்கிறா."

"கல்யாணம் ஆகலன்னு சொன்னீங்களாமே."

"ஆவல. பண்ணணும்."

உதவியாளர் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். ஃபரீதா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பசையைத் துடைத்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்த எடத்துல கொழந்த இருக்கான்னு யாரும் கேக்கலையா?"

"கேக்கல."

"நீங்க சொல்லலையா?"

"அவங்க கேக்கலையே" என்றாள் பச்சையம்மா. அவள் குரலில் தவறு செய்துவிட்டோம் என்கிற தொனியே இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. மலையில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் எத்தனை பிரசவம் என்றுதான் கேட்பார்கள், அதற்கு அவள் சரியாகப் பதில் சொல்லியிருக்கிறாள்.

ஃபரீதா நிதானமாக விளக்கினார். மேலே வைத்துப் பார்க்கிற ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிரம்பியிருக்க வேண்டும், அப்போதுதான் குடல் விலகி வழிவிடும். அதில் வயிற்றுக்குள் பெரிய கட்டி இருந்தால் தெரியும். அது இல்லை என்பதை இப்போதே பார்த்துவிட்டார். ஆனால் பைக்குள்ளே சின்னதாக ஏதாவது இருந்தால் தூரத்திலிருந்து பிடிபடாது. கீழ் வழியாகப் பார்க்கிற ஸ்கேன் இன்னொன்று இருக்கிறது. அதற்கு மூத்திரப்பை காலியாக இருக்க வேண்டும். கருவி கட்டைவிரல் பருமன் இருக்கும். உறை போட்டு உள்ளே வைப்பார்கள். கிட்டத்திலிருந்து பார்ப்பதால் சவ்வு தெளிவாகத் தெரியும்.

"கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு அத வேணாம்னு விட்டுடுவோம். அதனாலதான் உங்களுக்கும் பண்ணாம விட்டுருக்காங்க. நீங்க சரின்னா இப்பவே பாக்கலாம். வேணாம்னா வேணாம், தண்ணி குடிச்சிட்டு ஒக்காருங்க, மேலயே மறுபடி பாக்கறேன்."

பச்சையம்மா மோட்டுவளையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"வலிக்குமா?"

"ஒரு மாதிரி அழுத்தும். வலிச்சா சொல்லுங்க, எடுத்துடறேன்."

"ஆம்பளைங்க வருவாங்களா?"

"நானும் இந்தப் பொண்ணும்தான். கதவு தாப்பாள் போட்டுக்கலாம்."

"அதுல பாத்தா, பைய எடுக்கணுமா வேணாமான்னு தெரியுமா?"

"எதனால ரத்தம் போகுதுன்னு தெரிய வாய்ப்பு அதிகம். அது தெரிஞ்சா எடுக்கணுமான்னு பேசலாம். இப்ப அது தெரியாமலே எடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க."

உதவியாளர் பெண் குறுக்கே புகுந்தாள். "வெளிய உங்கவங்க ஒக்காந்துருக்காங்களே. ஒரு வார்த்த கேட்டுக்குங்கம்மா. அப்புறம் வூட்ல ஏதானா சொல்லப் போறாங்க."

"அது எங்கக்கா. அவளக் கேட்டா பயந்துகினு வேணாம்பா. எனுக்குத்தான் தெரியணும்" என்றாள் பச்சையம்மா. பிறகு, "பாருங்க டாக்டரம்மா" என்றாள். சொல்லும்போது கைகள் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன. பயம் இல்லாமல் அவள் சம்மதிக்கவில்லை. பயத்தோடுதான் சம்மதித்தாள்.

கதவைச் சாத்தினார்கள். மேலே ஒரு துணி போர்த்தினார்கள். ஆரம்பத்தில் உடம்பு முழுக்க விறைத்துக்கொண்டது. ஃபரீதா அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். மூத்திரப்பை காலியாக வந்து சேர்ந்ததற்காக இத்தனை நாளும் பேச்சு வாங்கியவள், இந்த ஒரு ஸ்கேனுக்குச் சரியாக வந்திருந்தாள்.

திரையில் இந்தத் தடவை சவ்வு துல்லியமாகத் தெரிந்தது. அதில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்னத் தசை வளர்ச்சி இருந்தது. ஃபரீதா திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. புளியங்கொட்டை அளவு.

"இதான் ரத்தம் போறதுக்குக் காரணம் மாதிரி தெரியுது. இத மட்டும் எடுக்கலாம். கீழ் வழியாவே குழாய் விட்டு எடுப்பாங்க, வயித்தக் கிழிக்க வேணாம். எடுத்தத டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. அது நல்லபடியா வந்துட்டா பைய எடுக்க வேண்டிய தேவ இருக்காது."

பச்சையம்மா எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. இந்தப் புளியங்கொட்டைக்காகவா இத்தனை நாள் செத்துப் பிழைத்தோம் என்று ஆத்திரம் வந்தது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. கதவருகே போனவள் நின்றாள்.

"டாக்டரம்மா. வெளிய இருக்கறாளே எங்கக்கா, அவளுக்கும் இதே மாரிதான் போச்சி. அவளும் கல்யாணம் ஆவலன்னுதான் சொன்னா. மேலதான் தேச்சிப் பாத்தாங்க. எடுத்துட்டாங்க."

ஃபரீதா கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அவளுக்கும் இதுதான் இருந்துருக்குமா?"

"இருந்திருக்கலாம். வேறயும் இருந்திருக்கலாம். பாக்காம சொல்ல முடியாதுங்க" என்றார். கையுறையைக் கூடையில் போட்டுவிட்டு, "இனிமே பாக்கவும் முடியாது" என்றார்.

மற்றதெல்லாம் நடக்க வேண்டியபடி நடந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். முதலில் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு குழாய் விட்டு அந்தத் துணுக்கை எடுத்து, அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். பரிசோதனையில் கெட்டது எதுவும் இல்லை என்று வந்தது. பூபாலன் செய்தி கேட்டு ஊர் முழுக்கத் தானே கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொண்டு திரிந்தான். பச்சையம்மாவின் முகத்தில் ரத்தம் ஊறியது. ஈஸ்வரி மட்டும் தங்கையை ஒன்றும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள், திரும்பி வந்து கொட்டை எடுக்க உட்கார்ந்துகொண்டாள். எது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதை அவளும் வாசலில் இருந்து பாதியும், ஊர் வாயிலிருந்து மீதியுமாகக் கேட்டிருந்தாள்.

பங்குனியில் புளி உலுக்கினார்கள். பச்சையம்மா முதல் மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கினாள். பின்னால் ஈஸ்வரி ஒரு சின்னப் பையோடு வந்தாள். பாதி வழியில் பாறை மறைவில், மூச்சு வாங்குவதற்காக மூட்டையை ஒரு கல்லின் மேல் இறக்கி வைத்தாள் பச்சையம்மா. அக்காவும் நின்றாள்.

"ஏ பச்ச."

"இன்னா?"

"அந்த டாக்டரம்மாகிட்ட என்னப் பத்திக் கேட்டியா?"

பச்சையம்மா சும்மாட்டை அவிழ்த்து மறுபடி சுற்றினாள். ஏற்கெனவே சரியாகத்தான் சுற்றியிருந்தது.

"கேட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

ஈஸ்வரியின் கண் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. இத்தனை மாதமாக இதை வாயில் அடக்கிவைத்திருந்தவள், பதில் எப்படி வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்துக்கொண்டுதான் கேட்டிருக்கிறாள். பதில் உள்ளபடி வரும் என்பதற்காகத்தான் இவளிடம் கேட்டிருக்கிறாள்.

"உனுக்கு வேறக்கா. உனுக்குப் பெருசா இருந்துச்சாம். எப்டிப் பாத்திருந்தாலும் எடுத்துதான் ஆவணும்னாங்க. எடுக்காம வுட்டுருந்தா ஆளே இருந்துருக்க மாட்டன்னாங்க."

"அப்டியா சொன்னாங்க?"

"அப்டித்தான் சொன்னாங்க."

ஈஸ்வரி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப சரி" என்றாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பச்சையம்மா அவளைப் பார்க்காமல் குனிந்து, தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டாள். "ஒரு கை புடிச்சித் தூக்கிவுடு" என்றாள். ஈஸ்வரி பையைக் கீழே வைத்துவிட்டு மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.